கட்டைக் குரல்

ரேணுகாதேவியின் பட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது கலைமகளுக்கு இருபத்தோரு வயது. பி.காம். முடித்திருந்தாள். சேவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் ஆரணிக்கு வந்து போவாள். அப்பா காத்தவராயன் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குபவர். அம்மா அம்மணி நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போவாள். அது இல்லாத நாட்களில் நூறு நாள் வேலை. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை.

கலைமகள் அப்பாவைப் போல உயரம், அம்மாவைப் போல நல்ல கருப்பு. குரல் மட்டும் யாரிடமிருந்து வந்ததென்று தெரியவில்லை. அடித்தொண்டையிலிருந்து கனமாகக் கிளம்பும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் 'கட்டைக் குரல்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. நெரிசலான பஸ்ஸில் பின்படியில் தொங்கிக்கொண்டே டிரைவரை நிறுத்தச் சொல்ல வேண்டுமென்றால், ஊரில் அவளை விட்டால் ஆள் கிடையாது.

கடையில் தினமும் காலையில் லைவ் வீடியோ நடக்கும். செல்போனை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு ரேணுகாதேவி பேசுவார். ஒவ்வொரு புடவையாகப் பிரித்துக் காட்டுவார். பின்னால் நின்று மடித்து வைப்பது கலைமகளின் வேலை. ஒரு நாள் துபாயிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஒருவர், பின்னால் நிற்கும் உயரமான பெண்ணின் தோளில் போட்டுக் காட்டச் சொல்லி எழுதினார். ரேணுகாதேவி மாம்பழ நிறப் புடவை ஒன்றை அவள் தோளில் போட்டார். கலைமகள் ஒன்றும் செய்யவில்லை. தோளை லேசாகத் திருப்பி, முந்தானை விழும் பக்கம் பார்த்து நின்றாள். அவ்வளவுதான். அந்தப் புடவையைக் கேட்டு அடுத்தடுத்து எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

"உனக்கு யாருடி சொல்லிக் குடுத்தது இப்படி நிக்க?" என்றார் ரேணுகாதேவி, லைவ் முடிந்ததும்.

"யாரும் சொல்லலக்கா. ஜரிகை எந்தப் பக்கம் மின்னுதோ அந்தப் பக்கம் திரும்பனேன்."

அன்றிலிருந்து அவளுக்கு மடிக்கும் வேலை இல்லை. ரேணுகாதேவி பேசினார், கலைமகள் கட்டிக்கொண்டு நின்றாள். சில மாதங்களில் சென்னையில் துணி வடிவமைக்கும் ஒரு பெண்மணி கடைக்கு போன் செய்தார். புதிதாகச் செய்திருக்கும் பட்டு உடைகளுக்குப் படம் எடுக்க வேண்டும், அந்தப் பெண்ணை அனுப்ப முடியுமா என்று கேட்டார். ரேணுகாதேவிக்கு அனுப்ப மனமில்லை. ஆனாலும் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

வீட்டில் அன்று சாயங்காலம் இதுதான் பேச்சு.

"அங்க போயி இன்னா வேல?" என்று கேட்டார் காத்தவராயன்.

"பொடவ கட்டிகினு நிக்கணும்ப்பா. நடக்கணும். போட்டோ எடுப்பாங்க."

"நிக்கறதுக்குக் கூலி குடுக்கறாங்களா?"

அம்மணி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "நம்ம நாளெல்லாம் சேத்துல குனிஞ்சிகினு கெடக்கறோம். அவளாச்சும் நிமிந்து நிக்கட்டும். புடிக்கலன்னா வந்துரட்டும். மெட்ராசுக்கும் ஆரணிக்கும் பஸ்ஸா இல்ல?"

கலைமகள் போனாள். பிடித்திருந்தது.

முதலில் சென்னை, பிறகு பெங்களூர், பிறகு மும்பை. ஹை ஹீல்ஸ் போட்டு நடக்கக் கற்றுக்கொள்ள அவளுக்கு அதிக நாள் ஆகவில்லை. வரப்பில் நடந்து பழகிய காலுக்கு மேடை அகலமாகவே இருந்தது. மேடையில் யாரையும் பார்க்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது என்றார்கள். அதையும் கற்றுக்கொண்டாள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறதென்று பார்க்காமலே தோலில் உணர்ந்து, தாடையை அந்தப் பக்கம் உயர்த்தினாள். புகைப்படக்காரர்கள் அவளோடு வேலை செய்ய விரும்பினார்கள். நூறு படம் எடுக்க வேண்டிய இடத்தில் பத்தில் முடிந்துவிடும்.

அவளுடைய கருப்பு நிறத்தை மும்பையில் கொண்டாடினார்கள். நகை விளம்பரம் என்று வரும்போது மட்டும் கதை மாறியது. ஒரு நாள் காத்தவராயன் போன் செய்தார்.

"வேலூர் போற ரோட்டுல உன் போட்டோ பெரிசா மாட்டிகீறாங்கோ. ஏம்மா, இப்படி வெளுத்துப் போய்கீறியே, ஒடம்புக்கு இன்னா?"

"ஒடம்பு நல்லாத்தான்ப்பா இருக்குது. கம்ப்யூட்டர்ல வெளுத்துட்டாங்க."

"எதுக்கு? அவ்ளோ பெரிய போர்டு வெச்சி, உன்ன அடையாளமே தெரியாம பண்ணா யாருக்கு இன்னா பிரயோசனம்?"

அடுத்த ஒப்பந்தத்திலிருந்து, படத்தில் தன் நிறத்தை மாற்றக் கூடாதென்று நிபந்தனை போட்டாள். ஏஜென்சிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். சில வேலைகள் கைவிட்டுப் போயின. வேறு சில வந்தன. வந்தவை போனவற்றைவிட நல்லவையாக இருந்தன.

மாடலாகி ஆறு வருடம் ஆனபோது சினிமா வந்தது. பெயர் பெற்ற ஒரு டைரக்டர். கதை மதுரைப் பக்கம் நடக்கிறது. அவளுக்குக் கதாநாயகனின் காதலி வேடம். ஒப்புக்கொண்டாள். கேமரா முன்னால் நிற்பது அவளுக்குப் புதிதில்லை, எனவே பயம் ஒன்றும் இல்லை. ஆனால் முதல் வாரமே டைரக்டர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் வந்தார்.

"ஏம்மா, அவன் உன்கிட்ட அழுதுட்டிருக்கான். நீ எங்க பாக்குற?"

"லைட் இந்தப் பக்கம் இருக்குதுங்க சார்."

"லைட்ட நாங்க பாத்துக்கறோம். நீ கேமராவ மறந்துடு."

"ஆறு வருஷமா அத மறக்காம இருக்கத்தானே சார் பழகனேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டைரக்டரும் சிரித்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு அவளிடம் அதிகம் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார். ஜன்னலோரம் நிற்க வைத்தார், மழையில் நடக்க வைத்தார். ஒவ்வொரு பிரேமும் காலண்டர் மாதிரி இருக்கிறதென்று ஒளிப்பதிவாளர் பாராட்டினார். படப்பிடிப்பு முடிந்து டப்பிங் பேச எப்போது வர வேண்டும் என்று அவள் மேனேஜரிடம் கேட்டபோது, "அதெல்லாம் அவங்க பாத்துக்கறாங்க மேடம்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலின் அர்த்தம் அப்போது அவளுக்கு முழுதாகப் புரியவில்லை.

படம் வெளியான அன்று ஆரணி தியேட்டரில் சேவூர்க்காரர்கள் பாதி பேர் இருந்தார்கள். அம்மணி புதுப் புடவை கட்டியிருந்தாள். திரையில் கலைமகள் முகம் வந்ததும் விசில் பறந்தது. மழை, ஜன்னல், திரும்பிப் பார்க்கும் கண். பிறகு அவள் வாயைத் திறந்தாள். தேனில் ஊறிய மெல்லிய குரல் ஒன்று மதுரைத் தமிழ் பேசியது.

அம்மணி இருட்டில் மகள் பக்கம் திரும்பினாள். "யாரு பேசறது?"

"வேற யாரோம்மா. சினிமாவுல அப்படித்தான்."

"உன் பேச்சுக்கு இன்னா கொற?"

வெளியே வந்ததும் சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மூக்கு அழகு, நடை அழகு என்றார்கள். அந்தக் கடைசி அழுகைக் காட்சியில் எல்லாரையும் அழ வைத்துவிட்டாய் என்றார்கள். கலைமகள் கையெடுத்துக் கும்பிட்டாள். தன்னுடையது அல்லாத ஒன்றுக்குப் பாராட்டு வாங்குவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. தானும் கடைசிக் காட்சியில் அழுதிருந்தாள் என்பதுதான் விசேஷம். தன் முகத்தைப் பார்த்து இல்லை. அந்தக் குரலைக் கேட்டு.

அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியவில்லை. மேனேஜரை நச்சரித்து நம்பர் வாங்கினாள். பெயர் சுபத்ரா. வியாசர்பாடி. மறுநாள் சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் இருப்பாளாம்.

கலைமகள் போய் நின்றபோது, கலைமகளைவிட வயதில் சிறிய, ஒல்லியான பெண் ஒருத்தி படிக்கட்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணாந்து பார்த்தவள் சட்டென்று எழுந்தாள்.

"அக்கா, நீங்களா? சண்ட போட வந்தீங்களா?"

"இல்ல. பாக்க வந்தேன். நீ சாப்புடு."

"எங்கிட்ட நிறைய பேர் சண்ட போட்டுகீறாங்க. நான் இன்னாக்கா பண்றது, கூப்புட்டா வந்து பேசறேன்."

"அந்தக் கடசி சீன எப்படிப் பண்ண?"

சுபத்ரா தயங்கினாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, தன் செல்போனில் அந்தக் காட்சியை எடுத்தாள். "கோவப்படாதீங்க. மொதல்ல சத்தம் இல்லாம பாருங்க."

கலைமகள் பார்த்தாள். கதாநாயகனின் உடலுக்கு முன்னால் அவள் மண்டியிட்டிருக்கிறாள். கன்னத்தில் கண்ணீர் சரியான இடத்தில் மின்னுகிறது. தாடை சரியான கோணத்தில் இருக்கிறது. புடவை விளம்பரத்துக்கு அப்படியே எடுத்துப் போடலாம். வேறு ஒன்றும் இல்லை அதில்.

சுபத்ரா சத்தத்தைக் கூட்டினாள். அதே முகம். இப்போது அது உடைந்துபோன ஒருத்தியின் முகமாக இருந்தது.

"உங்க மூஞ்சி சும்மா இருந்துது. அதனால நடுவுல மூச்சு வெச்சேன். பேச வந்து பேச முடியாம போற மாதிரி," என்றாள் சுபத்ரா.

கலைமகள் அந்தக் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். கோபம் வரவில்லை. வேலை தெரிந்தவர்களைப் பார்த்தால் அவளுக்கு எப்போதும் ஒரு மரியாதை வரும், அதுதான் வந்தது. கூடவே தெளிவாக ஒரு எண்ணமும் வந்தது. என் குரலை இவர்கள் திருடவில்லை. நான்தான் இன்னும் கொடுக்கவே இல்லை.

"இங்க புதுசா ஆளுங்கள சேப்பாங்களா?" என்று கேட்டாள்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

சுபத்ரா சிரித்தாள். கலைமகள் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். "கூட்டத்துக்குக் கொரல் குடுக்க ஆள் எடுப்பாங்கக்கா. கல்யாண வீடு, சந்தை, பஸ் ஸ்டாண்டு சீனுக்கெல்லாம் பின்னால ஜனங்க பேசற சத்தம் வேணும் இல்ல, அதுக்கு. ஆனா நீங்க போய் அங்க..."

"நான் வரேன். யாருகிட்ட கேக்கணும்?"

கூட்டக் குரலுக்கு ஆட்களைச் சேர்ப்பவர் பூங்காவனம் என்ற அம்மாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஓடுபவர். யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. முகக்கவசமும் சாதாரண சுடிதாருமாக வந்த கலைமகளை ஒரு வார்த்தை பேசச் சொன்னார்.

"யம்மா கட்ட கொரலு, நீ பின்னாடி போய் நில்லு. மைக்க முழுங்கிடுவ."

கலைமகள் பின்னால் போய் நின்றாள். மாடலிங் வேலை இல்லாத நாட்களிலெல்லாம் வந்தாள். கல்யாண வீட்டில் சாம்பார் கேட்டாள். சாவு வீட்டில் மாரடித்தாள். பஸ் ஸ்டாண்டில் 'வேலூர் வேலூர்' என்று கத்தினாள். அங்கே யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த வெளிச்சத்துக்கும் முகத்தைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

ஒரு நாள் சந்தைக் காட்சி. மீன்காரி ஒருத்தி தன் இடத்தில் கடை போட்டவளைப் பார்த்துக் கத்த வேண்டும். இரண்டு பெண்கள் பேசிப் பார்த்தும் பூங்காவனத்துக்குத் திருப்தியில்லை.

"பின்னாடி நிக்கிற கட்ட கொரலு, முன்னாடி வா. நீ கத்து."

கலைமகள் மைக் முன்னால் வந்தாள். "இந்த மீன்காரி எத்தன வருஷமா அங்க கட போடறா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? ஜல்தி பேசு."

அவளே முடிவு செய்துகொண்டாள். கல்யாணமானதிலிருந்து இந்த இடத்தில்தான் உட்காருகிறாள், இந்த இடம் போனால் அவளுக்கு வேறு இடம் இல்லை. வாயைத் திறந்தாள். அவள் ஊரில் தெருக்குழாயடியில் கேட்கும் சண்டை அப்படியே வந்தது. பேசி முடித்தபோது தன் வலது கை இடுப்பிலும் இடது கை காற்றிலும் இருப்பதைக் கவனித்தாள். முகக்கவசம் தாடைக்கு இறங்கியிருந்தது. முகம் என்ன செய்துகொண்டிருந்தது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. அது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

பூங்காவனம் முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீ அந்த நக வெளம்பரத்துல வர பொண்ணாட்டமே கீற."

"நான்தாங்க அது."

"சும்மா இரும்மா," என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

அந்த மீன்காரிக் குரலைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். வெற்றிச்செல்வன், வந்தவாசிக்காரர். அந்தப் படத்துக்கு வசனம் எழுதியிருந்தார். தன் முதல் படத்தை எடுக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். வெளியே வந்து அவளிடம், "எந்த ஊரும்மா, எங்க ஊர்ப் பேச்சாட்டம் இருக்குது?" என்றார். ஆரணி என்றாள். அவர் கதையைச் சொன்னார். ஒதுக்கீட்டில் ஊராட்சித் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்படும் ஒரு விவசாயக் கூலிப் பெண். அவளை அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார விடாமல் தரையில் உட்கார வைக்கிறார்கள். அவள் அந்த நாற்காலியில் உட்காருவதுதான் படம்.

"இதுக்கு நான்தான் சார்," என்றாள் கலைமகள். கெஞ்சிக் கேட்பது போலில்லை. அவருக்கு ஒரு தகவல் சொல்வது போலிருந்தது.

தயாரிப்பாளரும் சம்மதித்தார். வெற்றிச்செல்வன் அவளைக் குரலுக்காகத் தேர்ந்தெடுத்தார். தயாரிப்பாளர் போர்டுகளில் எல்லோருக்கும் தெரிந்த அவள் முகத்துக்காக ஒப்புக்கொண்டார். இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அது பிறகு பிரச்சினையானது.

படப்பிடிப்பு சேவூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்தது. மேக்கப் வேண்டாமென்று விட்டார்கள். தரையில் உட்கார வைக்கும் காட்சியை எடுத்த அன்று காத்தவராயன் மில்லில் இருந்து சைக்கிளில் வந்து, கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தார். சுற்றிலும் நாற்காலிகளில் ஆட்கள். நடுவில் கீழே அவர் மகள். அவளுடைய முதுகு மட்டும் வளையவில்லை. கையெழுத்துப் போட நீட்டிய காகிதத்தை அவள் முழுதாகப் படித்துவிட்டுத்தான் பேனாவைத் தொட்டாள். அது வசனத் தாளில் இல்லாதது, அவளாகச் செய்தது. வெற்றிச்செல்வன் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே இருந்தார்.

ஷாட் முடிந்ததும் காத்தவராயன் அவளிடம் வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"நாற்காலில ஒக்கார்ற சீனு எப்ப எடுப்பாங்கோ?"

"நாளைக்குப்பா."

"நாளைக்கு லீவு போட்டுட்டு வரேன். உங்கம்மாளையும் கூட்டிகினு வரேன்."

மறுநாள் இருவரும் வந்தார்கள். கலைமகள் அலுவலகத்துக்குள் நடந்துவந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேமரா எங்கே இருக்கிறது, வெளிச்சம் எங்கே விழுகிறது என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. எதிரில் இருப்பவர்களைப் பார்த்தாள். "கூட்டத்த ஆரம்பிக்கலாங்களா?" என்றாள். அம்மணி வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் வந்தால் மறுபடி எடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

படத்தொகுப்பு முடிந்த சமயம் சுபத்ராவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, உங்க படத்துக்கு உங்களுக்குப் பேசச் சொல்லி என்னக் கூப்புட்டு இருக்காங்க. புரொடியூசர் ஆபீஸ்லருந்து. உங்ககிட்ட கேக்காம ஒத்துக்கல. போவட்டா, வேணாமா?"

கலைமகள் உடனே வெற்றிச்செல்வனைக் கூப்பிட்டாள். அவர் சங்கடத்தோடு பேசினார். ஹீரோயினுக்கு ஆம்பளைக் குரல் இருந்தால் குடும்பங்கள் வராதென்று யாரோ தயாரிப்பாளரைப் பயமுறுத்திவிட்டார்கள். முதல் படம் என்பதால் தன் பேச்சு எடுபடவில்லை என்றார்.

அவள் மறுபடி சுபத்ராவிடம் பேசினாள். "நீ வா. நானும் வரேன். ரெண்டு சீன ரெண்டு பேரும் பேசுவோம். போட்டுக் கேட்டுட்டு அவங்க சொல்லட்டும்."

"நான் நல்லாப் பண்ணா உங்களுக்குத்தானே அக்கா நஷ்டம்?"

"நீ நல்லாத்தான் பண்ணணும். விட்டுக் குடுத்தன்னு தெரிஞ்சா பேச மாட்டேன்."

தயாரிப்பாளர் கெட்ட மனிதர் அல்ல, பயந்த மனிதர். சோதனைக்கு ஒப்புக்கொண்டார். முதல் காட்சி கிராம சபைக் கூட்டம். தலைவி எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்கிறாள். சுபத்ரா தெளிவாக, திருத்தமாகப் பேசினாள். கலைமகள் பேசியபோது அறையில் இருந்தவர்கள் டப்பிங் கேட்கிறோம் என்பதையே மறந்தார்கள். பாதியில் தயாரிப்பாளரின் டிரைவர் கதவோரம் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது காட்சி வீட்டுக்குள். ராத்திரிச் சோறு போடும்போது, பயமாக இருக்கிறதென்று தலைவி தன் கணவனிடம் சொல்கிறாள். இதில் சுபத்ரா ஜெயித்தாள். சந்தேகமே இல்லாமல் ஜெயித்தாள். கலைமகளின் குரல் அந்தக் காட்சியில் மெத்தென்று இருக்க முயன்று, வேறு யாருடையதோ மாதிரி ஒலித்தது.

தயாரிப்பாளர் தொண்டையைச் செருமினார். "ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு. ஒரு படத்துல ரெண்டு குரல் வைக்க முடியாதே. ரிஸ்க் வேணாம்னா சுபத்ராவையே..."

"இந்த சீன்ல அவ நல்லாப் பண்ணா. நான் ஒத்துக்கறேன் சார்," என்றாள் கலைமகள். "நான் இன்னா தப்பு பண்ணேன்னும் தெரியுது. பயந்தா மெல்லிசாப் பேசணும்னு நெனச்சிகினு பேசனேன். இவ அப்படிப் பேசறவ இல்ல. இன்னொரு வாட்டி மைக் குடுங்க."

மைக் முன்னால் நின்றாள். திரையில் தன் முகம் ஓடியது. இந்த முறை குரலை இறக்கவில்லை. சோறு போட்டுக்கொண்டே, பயத்தைப் பற்றியல்லாமல் உப்பைப் பற்றிப் பேசுவது போலச் சாதாரணமாக ஆரம்பித்தாள். 'பயமா கீதுய்யா' என்ற இடத்தில் கரண்டி பாத்திரத்தில் தட்டும் சத்தத்துக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். அந்தக் கனமான குரல் அங்கே லேசாக, ஒரே ஒரு நூலிழை, பிசிறியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுபத்ராதான் முதலில் வாய் திறந்தாள். "எனக்கு வேல போச்சு," என்றாள், சிரித்துக்கொண்டே. சிரிப்பில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

தயாரிப்பாளர் எழுந்தார். "சரிம்மா. நீயே பேசு. முழுப் படமும்."

"இன்னொண்ணு சார். படத்துல கலெக்டரா நடிச்ச மேடம் மும்பைக்காரங்க. அவங்களுக்குத் தமிழ் வராது. அந்த வேஷத்துக்குச் சுபத்ரா பேசட்டும். இவ பேரு படத்து டைட்டில்ல வரணும், எங்க பேர் வர சைசுலயே."

"அத நீ சொல்லணுமா? அதுவும் சரி."

வெளியே வந்ததும் இருவரும் எதிர்க் கடையில் டீ குடித்தார்கள். "அந்த மூச்சு," என்றாள் சுபத்ரா, "கரண்டி சத்தத்துக்கு முன்னாடி வெச்சீங்களே, அது எனக்குத் தோணல. தோணி இருக்கணும்." அந்தக் காட்சியைப் பற்றியே டீ ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

படம் முதல் வாரம் சென்னையில் சுமாராகத்தான் போனது. குரல் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியவர்களும் இருந்தார்கள். ஆனால் வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் கூட்டம் குறையவில்லை. மூன்றாவது வாரம் சென்னையிலும் காட்சிகளைக் கூட்டினார்கள். 'கூட்டத்த ஆரம்பிக்கலாங்களா?' என்ற ஒரு வரியைப் பெண்கள் செல்போனில் பேசி வீடியோவாக எடுத்துப் போட்டார்கள். எல்லோரும் குரலைக் கனமாக்கிக்கொண்டு பேசினார்கள். வந்தவாசிப் பக்கம் காசியம்மாள் என்ற நிஜமான ஊராட்சித் தலைவி ஒருவர் அவளைக் கிராம சபைக்கு அழைத்தார். கலைமகள் போய், மற்ற பெண்களோடு சேர்ந்து உட்கார்ந்து, கூட்டம் முழுவதையும் கேட்டுவிட்டு வந்தாள்.

அதன் பிறகு ஐதராபாத்திலிருந்து ஒரு வாய்ப்பு வந்தது. போலீஸ் அதிகாரி வேடம், தெலுங்குப் படம். மேனேஜர் போனில் சொன்னார், "வாய்ஸ் பத்தி நீங்க கவலப்பட வேணாம் மேடம். நல்ல ஆர்ட்டிஸ்ட் வெச்சிடுவாங்க."

"தெலுங்கு கத்துக்கறேன்னு சொல்லுங்க. முடிஞ்சதும் ஒரு வாட்டி என்னப் பேசவிட்டுக் கேக்கட்டும். நல்லா இல்லன்னா வேற ஆள வெக்கட்டும். கேக்காம வெக்கக் கூடாது. அவ்ளோதான் நம்ம கண்டிஷன்."

ஒப்புக்கொண்டார்கள். அவள் ஒரு ஆசிரியையை வைத்துப் படித்தாள். நடக்கும்போதும் குளிக்கும்போதும் தெலுங்கு பேசினாள். ஆட்டோக்காரர்களிடமும் ஓட்டல் பணியாளர்களிடமும் வலியப் போய்ப் பேசினாள்.

முதல் நாள் படப்பிடிப்பில் காக்கி உடையில் ஜீப்பிலிருந்து இறங்கி, ஒரு ரவுடிக் கும்பலைப் பார்த்து மிரட்ட வேண்டும். இறங்கினாள். மிரட்டினாள். தெலுங்கில் ஒரு வார்த்தை மாறி விழுந்தது. 'கையைக் கட்டுங்கள்' என்பதற்குப் பதில் 'கையைக் கழுவுங்கள்' என்று சொல்லிவிட்டாள். ரவுடிகள் உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கலைமகளும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தாள். பிறகு தொப்பியை மாட்டினாள்.

"ஒன் மோர், சார்," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.